டேப்பில் கோடு விழுந்த இடம்

குன்னூர்

அன்புள்ள கயலுக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே எல்லோரும் நலம். மழை விட்டு விட்டுப் பெய்கிறது.

ஞாயிற்றுக்கிழமை போனில் கேட்டாயே, ஆபீஸில் ஆளுக்கொரு பாட்டு கொண்டு வரச் சொல்லியிருக்கிறார்கள், சின்ன வயதிலிருந்து மனசில் நிற்கிற கார்ட்டூன் படப் பாட்டாக இருக்க வேண்டும், அது ஏன் பிடித்தது என்று எல்லோர் முன்னாலும் பேச வேண்டும் என்று. "எனக்கு எல்லாமே பிடிச்சதுதாம்ப்பா, எதை அதிகமாப் பார்த்தேன்னு உங்களுக்குத்தான் தெரியும்" என்றாய். தெரியும். ஆனால் ஒரு பெயரை மட்டும் சொல்லிப் போனை வைக்க மனம் வரவில்லை. அதோடு நீ இன்னொன்றும் சொன்னாய். நீ ஸ்டோரிபோர்டு வரைகிற படத்தில் அந்தத் தாலாட்டுக் காட்சி இழுக்கிறது, எடுத்துவிடலாமா என்று பேச்சு நடக்கிறதாம். அதைச் சொல்லும்போது உன் குரலே இறங்கிவிட்டது. எனக்கு இந்த இரண்டும் ஒரே விஷயமாகத்தான் தெரிகிறது. அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதப் போகிறேன். பொறுமையாகப் படி.

கேசட் கடை வைத்திருந்தவனுக்கு ஊருக்கு எது பிடிக்கும் என்று யாரும் வந்து சொல்ல வேண்டியதில்லை. டேப்பே சொல்லிவிடும். ஒரே இடத்தைத் திரும்பத் திரும்ப ரீவைண்ட் பண்ணிப் பார்த்தால், பாஸ் போட்டு நிறுத்தி நிறுத்தி ரசித்தால், அந்த இடத்தில் டேப் தேய்ந்து படத்தில் வெள்ளைக் கோடு விழ ஆரம்பிக்கும். டிராக்கிங்கைத் திருகினாலும் போகாது. வாடகைக்குப் போய்த் திரும்பி வருகிற கேசட்டை ஓட்டிப் பார்க்கும்போது கோடு எங்கே வருகிறது என்றுதான் முதலில் கவனிப்பேன். சண்டைப் படம் என்றால் கிளைமாக்ஸில் இருக்கும். கார்ட்டூன் படம் என்றால் பெரும்பாலும் பாட்டில்தான்.

1989-ல் கடை திறந்த புதிதில் 'ராஜா சின்ன ரோஜா' கேசட்டுக்கு அடிதடி. படம் முழுக்க ரஜினிதான், ஆனால் பிள்ளைகள் கேட்டு வந்தது அந்த ஒரு பாட்டுக்காக. ரஜினியும் குழந்தைகளும் நிஜ ஆட்களாக வர, வரைந்த மிருகங்கள் அவர்களோடு சேர்ந்து ஆடும். சந்திரபோஸ் இசை. தமிழ்ப் படத்தில் அப்படி ஒன்றை அதற்கு முன் நம் ஊர்ப் பிள்ளைகள் பார்த்ததில்லை. நான் வாங்கி வைத்த கேசட்டில் மற்ற இடமெல்லாம் கண்ணாடி மாதிரி இருக்க, அந்தப் பாட்டு மட்டும் ஒரே வருஷத்தில் மழை பெய்ய ஆரம்பித்துவிட்டது. 'ஜங்கிள் புக்' கேசட்டில் கரடி பாடுகிற இடம் அப்படித்தான் ஆனது. 'லயன் கிங்'கில் முதல் பாட்டு. அடுத்து அந்தக் காட்டுப்பன்றியும் கீரியும் கவலையே வேண்டாம் என்று பாடுகிற பாட்டு.

இதெல்லாம் கடைக் கேசட். நம் வீட்டில் ஒரு கேசட் இருந்தது, அது வாடகைக்கே போகாது. உனக்கு ஞாபகம் இருக்கிறதா தெரியவில்லை. வெல்லிங்டனில் இருந்த ஒரு ராணுவக் குடும்பம் மாற்றலாகிப் போகும்போது அட்டைப்பெட்டி நிறைய ஆங்கிலக் கேசட்டுகளைக் கடையில் கொடுத்துவிட்டுப் போனார்கள். அதில் ஒன்று 'டம்போ', பெரிய காதை வைத்துப் பறக்கிற குட்டி யானையின் படம். பெட்டி ஈரத்தில் இருந்ததால் பாதிக் கேசட்டில் பூஞ்சை. நம் ஊர் மூடுபனிக்கு அதுதான் பெரிய எதிரி. கேசட்டின் சின்ன ஜன்னல் வழியாகப் பார்த்தால் சுருளின் விளிம்பில் வெள்ளையாகப் பூத்திருக்கும். தெரியாமல் ஓட்டினால் வி.சி.ஆர். ஹெட்டும் சேர்ந்து போகும். அதற்காகத்தான் அலமாரிக்குள் எப்போதும் ஒரு நாற்பது வாட் பல்பு எரியும். நீ ஸ்கூல் விட்டு வந்ததும் அந்த அலமாரிக் கதவைத் திறந்து பல்புச் சூட்டில் கையைக் காட்டிக்கொண்டு நிற்பாய். 'டம்போ'வைச் சுத்தம் செய்து எடுத்தபோது படம் நன்றாகவே இருந்தது. கடையில் கேட்பார் இல்லாததால் வீட்டுக்குக் கொண்டு வந்தேன்.

அந்தக் கேசட்டில் ஒரே ஒரு இடத்தில்தான் கோடு. தாய் யானை பாடுகிற இடம். நீ கேட்டதற்குப் பதில் அதுதான். 'பேபி மைன்'.

நீ இதை எதிர்பார்த்திருக்க மாட்டாய். 'லயன் கிங்' என்று சொல்வேன் என்று நினைத்திருப்பாய். அதையும் பாடிக்கொண்டுதான் திரிந்தாய், ஊரே பாடியது. ஆனால் டேப் பொய் சொல்லாது கண்ணு. ஆறு வயதுகூட ஆகவில்லை உனக்கு. எண் படிக்கக்கூட முழுசாகத் தெரியாது, ஆனால் வி.சி.ஆர். கவுண்டரில் ஓடுகிற எண்களின் வடிவத்தை மனப்பாடம் செய்து வைத்திருந்தாய். கேசட்டை முதலிலிருந்து ஓடவிட்டு, ரெண்டு கட்டை விரலையும் ஒன்றாக வைத்து ஃபாஸ்ட் ஃபார்வர்டு பட்டனை அழுத்திப் பிடித்துக்கொண்டு, மூக்கு கண்ணாடியில் இடிக்க கவுண்டரையே பார்த்துக்கொண்டிருப்பாய். சரியான எண் வந்ததும் கையை எடுப்பாய். தும்பிக்கை கம்பிக்கு வெளியே வருகிற இடத்தில் படம் நிற்கும். தப்பவே தப்பாது.

அந்த வருஷம் அம்மாவுக்குக் கூடலூர் பக்கம் போஸ்டிங். கிராம சுகாதார நர்ஸ் வேலையில் போட்ட இடத்துக்குப் போய்த்தான் ஆக வேண்டும். சனிக்கிழமை சாயங்காலம் வருவாள், திங்கள் விடிவதற்குள் கிளம்பிவிடுவாள். ஊட்டி போய், நடுவட்டம் வழியாக இறங்கிப் போகிற பஸ். மழைக்காலத்தில் மண் சரிந்து ரோடு அடைத்துவிட்டால் அந்த வாரம் வரவே முடியாது. நீ அழுது அடம் பிடித்த பிள்ளை இல்லை. யாரிடமும் ஒன்றும் கேட்கவும் மாட்டாய். கேசட்டைப் போடு என்று மட்டும் சொல்வாய். ஏன் அந்தப் பாட்டு என்று நான் கேட்டதில்லை. ஆனால் அம்மா வந்து போகிற திங்கள்கிழமைகளில்தான் அந்த இடம் அதிகம் ஓடியது, அது எனக்குத் தெரியும்.

இப்போது அந்தக் காட்சியை ஒருமுறை போட்டுப் பார். நீ வரைகிறவள், எனக்குத் தெரியாததெல்லாம் உனக்குத் தெரியும். ஆனாலும் நான் பார்த்ததைச் சொல்கிறேன்.

குட்டியின் காதைப் பார்த்துக் கேலி செய்த பையனைத் தாய் யானை அடித்துவிடுகிறாள். மதம் பிடித்த யானை என்று சொல்லித் தனியாக வண்டிக்கூண்டில் அடைத்து, காலில் சங்கிலி போட்டுவிடுகிறார்கள். ராத்திரி அந்தச் சுண்டெலி குட்டியைக் கூட்டிக்கொண்டு வருகிறது. தாய் எழுந்து வரப் பார்க்கிறாள், சங்கிலி இழுத்துப் பிடிக்கிறது. ஜன்னல் கம்பிக்கு வெளியே தும்பிக்கை மட்டும்தான் வருகிறது. அது இருட்டில் தடவித் தடவிக் குட்டியைத் தேடுகிறது. தொட்டதும் வளைத்துத் தூக்கி ஊஞ்சல் மாதிரி ஆட்டுகிறது. அவ்வளவுதான். வேறு ஒன்றும் நடக்காது. இடையில் மற்ற மிருகங்கள் தங்கள் குட்டிகளோடு படுத்துத் தூங்குவதைக் காட்டுவார்கள். நீர்யானை தண்ணீருக்குள் தூங்கும். நீ அங்கே மட்டும் சிரிப்பாய். அப்புறம் குட்டி கிளம்ப வேண்டிய நேரம் வந்துவிடும், தும்பிக்கை நுனி பிரிந்து போகும்.

அந்தப் படத்தில் குட்டி ஒரு வார்த்தை பேசாது. தாய் யானை படம் முழுக்கச் சொல்வது மகனின் பெயரை மட்டும்தான், அதுவும் ஒரே தடவை. பாட்டும் அவள் வாயசைத்துப் பாடுவதில்லை, பின்னாலிருந்து வருகிறது. பாடிய பெட்டி நாய்ஸின் பெயரைப் படத்தில் போடக்கூட இல்லை. பிராங்க் சர்ச்சில் மெட்டு, நெட் வாஷிங்டன் வரிகள். பாட்டு ஆஸ்கர் பரிந்துரையோடு நின்றுவிட்டது, படத்தின் இசைக்குக் கிடைத்தது. 1941-ல் வந்த படம். அதற்கு முந்தின வருஷம் 'பினாக்கியோ', 'ஃபான்டாசியா' என்று ரெண்டு பெரிய படம் எடுத்து, உலகப் போரால் ஐரோப்பாவில் ஓட்ட முடியாமல் டிஸ்னிக்குக் கையைக் கடித்திருந்தது. அதனால் 'டம்போ'வைச் சிக்கனமாக எடுத்தார்கள். மொத்தமே 64 நிமிஷம். பின்னணி எல்லாம் வாட்டர் கலர். இருந்தும் 64 நிமிஷப் படத்தில், யாரும் ஓடாத, கதை ஒரு அடி நகராத இந்தப் பாட்டில் யாரும் கைவைக்கவில்லை. இதைக் கொஞ்சம் யோசித்துப் பார். உங்கள் படம் அதைவிட நீளமாகத்தானே இருக்கும்?

கதை ஒரு அடி நகராத என்று எழுதிவிட்டேன், ஆனால் நகர்கிறது. அந்தப் பாட்டுக்கு முன்னால் குட்டி யானை நமக்குப் பாவம். பாட்டுக்குப் பிறகு அது நம் வீட்டுப் பிள்ளை. கடைசியில் அது பறக்கும்போது பிள்ளைகள் கை தட்டுவது இந்தப் பாட்டு இருப்பதால்தான்.

அந்த வருஷம்தான் மேட்டுப்பாளையம் போய்விட்டு வரும்போது பர்லியார் தாண்டி பஸ் நின்றது. பலாப்பழ சீசனில் யானைகள் கீழேயிருந்து ஏறி வருமே, அப்போது. ரோட்டோரத்தில் ஒரு தாய், அதன் காலுக்கிடையில் குட்டி. டிரைவர் இன்ஜினை அணைத்துவிட்டார். பஸ்ஸில் எல்லோரும் எழுந்து எட்டிப் பார்க்க, நீ மட்டும் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருந்தாய். தாய் தும்பிக்கையைப் பின்னால் வளைத்துக் குட்டியின் நெற்றியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தது. குட்டி இருக்கிறதா என்று பார்க்க அது திரும்பவே இல்லை. "அப்பா, அதேதான்" என்றாய். படம் வரைந்தவர்கள் யானையை எவ்வளவு கவனித்திருந்தால் அப்படி வரைந்திருப்பார்கள் என்று அன்றைக்குத்தான் எனக்கும் புரிந்தது.

சரி, இப்போது உங்கள் ஆபீஸ் விஷயத்துக்கு வருகிறேன்.

'லிட்டில் மெர்மெய்ட்' எடுக்கும்போது நடந்தது உனக்குத் தெரிந்திருக்கும், இருந்தாலும் சொல்கிறேன், இந்த நேரத்தில் அது உனக்கு வேண்டும். கடல் கன்னி தன் பொருள்களுக்கு நடுவில் உட்கார்ந்து, மேலே இருக்கிற உலகத்துக்குப் போக ஆசைப்பட்டுப் பாடுவாளே, 'பார்ட் ஆஃப் யுவர் வேர்ல்ட்', அந்தப் பாட்டையே தூக்கிவிடப் பார்த்தார்கள். முன்னோட்டமாகப் பிள்ளைகளுக்குப் போட்டுக் காட்டியபோது அந்த இடத்தில் அவர்கள் நெளிந்தார்களாம். ஸ்டுடியோ தலைவர் ஜெஃப்ரி காட்ஸன்பெர்க் எடுத்துவிடச் சொல்லிவிட்டார். பாட்டு எழுதிய ஹோவர்டு ஆஷ்மன், டைரக்டர்கள் ஜான் மஸ்கர், ரான் கிளெமென்ட்ஸ், அவளை வரைந்த கிளென் கீன் எல்லோரும் சேர்ந்து கெஞ்சாத குறையாகப் போராடினார்கள். அன்றைக்குத் திரையில் ஓடியது நிறம் ஏறாத கருப்பு வெள்ளைக் கோட்டுப் படம். வேலை இன்னும் கொஞ்சம் முடிந்தபின் மறுபடியும் போட்டுக் காட்டியபோது பிள்ளைகள் அசையாமல் பார்த்தார்கள். பாட்டு தப்பியது. 1989-ல் படம் வந்தது. அந்தப் பாட்டு இல்லாமல் அந்தப் படத்தை நினைத்துப் பார்க்க முடிகிறதா உன்னால்?

உன் தாலாட்டும் இப்போது பென்சில் கோட்டில்தானே இருக்கிறது? குரல்கூட யாரோ ஆபீஸ் ஆள் முணுமுணுத்ததுதான் என்றாய். வேகமான காட்சியைக் கோட்டுப் படத்தில் பார்த்தாலும் வேகம் தெரியும். மெதுவான காட்சிக்கு உயிரே கண்ணிலும், மூச்சிலும், வெளிச்சத்திலும்தான் இருக்கிறது. அதெல்லாம் வருவதற்கு முன்னால் அதைத் தராசில் வைப்பது நியாயம் இல்லை. "முடிவு சொல்வதற்கு முன் இந்த ஒரு காட்சிக்கு மட்டும் கொஞ்சம் நிறமும் ஒரு நல்ல குரலும் போட்டுப் பார்க்கலாமா" என்று கேள். சண்டை போடாதே. கேள்.

ஆஷ்மன் நாடக மேடையிலிருந்து வந்தவர். கதாநாயகி ஆரம்பத்திலேயே ஓரிடத்தில் உட்கார்ந்து தனக்கு என்ன வேண்டும் என்று பாடிவிட வேண்டும், அப்புறம்தான் பார்க்கிறவன் அவள் கூடவே வருவான் என்பார். அவரும் ஆலன் மென்கனும் சேர்ந்துதான் 'பியூட்டி அண்ட் த பீஸ்ட்' பாட்டுகளையும் செய்தார்கள். 1991 மார்ச்சில், அந்தப் படம் வெளியாவதற்கு முன்பே, நாற்பது வயதில் ஆஷ்மன் இறந்துவிட்டார். படத்தின் முடிவில் அவருக்கு நன்றி சொல்லிப் போட்டிருப்பார்கள். அந்தக் கேசட் கடைக்கு வந்தபோது எனக்கு அது யாரென்று தெரியாது. இப்போது தெரிந்தபின் ஒவ்வொரு தடவையும் அந்த எழுத்து வரும் வரை படத்தை நிறுத்துவதில்லை.

நம் சினிமாவில் பாட்டு வந்ததும் எழுந்து வெளியே போகிறவர்களை ஊட்டி அசெம்பிளி ரூம்ஸ் தியேட்டரிலும் பார்த்திருக்கிறேன், குன்னூரிலும் பார்த்திருக்கிறேன். திரும்பி வந்து உட்கார்ந்தால் கதை விட்ட இடத்தில் இருக்கும். இந்தப் படங்களில் அது நடக்காது. பாட்டுக்கு எழுந்து போனால் கதையே போய்விடும். 'லயன் கிங்'கில் ஆரம்பப் பாட்டு முடியும் வரை யாரும் ஒரு வசனம் பேச மாட்டார்கள். சூரியன் உதிக்கிறது, மிருகமெல்லாம் பாறையை நோக்கி வருகிறது, குட்டியைத் தூக்கிக் காட்டுகிறார்கள், டமார் என்று படத்தின் பெயர். ராஜ்யம், வாரிசு, மரியாதை எல்லாம் சொல்லி முடித்தாகிவிட்டது. அந்தப் பாட்டை அப்படியே டிரெய்லராகவும் விட்டார்கள். கடை டி.வி.யில் அதைப் போட்டால் மார்க்கெட்டுக்குப் போகிறவர்கள் கூடையோடு நின்றுவிடுவார்கள்.

அந்த முதல் கூவல் ஜூலு மொழி. லெபோ எம் என்ற தென்னாப்பிரிக்கக் கலைஞர் பாடியது. தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைகளும் வெல்லிங்டன் பிள்ளைகளும் ஆளுக்கொரு மாதிரி அதைக் கத்துவார்கள். ஒருவருக்கும் அர்த்தம் தெரியாது. தூர்தர்ஷனில் ஞாயிற்றுக்கிழமை வந்த 'ஜங்கிள் புக்' தொடரின் இந்திப் பாட்டும் அப்படித்தான், குல்சார் எழுதி விஷால் பரத்வாஜ் இசையமைத்தது. நம் தெருவில் இந்தி தெரிந்த வீடு ஒன்றுகூட இல்லை, ஆனால் அந்தப் பாட்டு தெரியாத பிள்ளையும் இல்லை. உனக்கு 'பேபி மைன்' ஒரு வரிகூடப் புரிந்திருக்காது. ஆனால் அம்மா கம்பிக்கு அந்தப் பக்கம் இருக்கிறாள், கை மட்டும்தான் எட்டுகிறது என்பது முழுசாகப் புரிந்தது. பிள்ளைகளுக்கு மெதுவான பாட்டு பிடிக்காது, சலிப்பார்கள் என்று உங்கள் ஆபீஸில் சொன்னால் நீ உன் கதையையே சொல்லலாம்.

உனக்குக் கொஞ்சம் வயது வந்தபின் கடையில் வி.சி.டி. வந்துவிட்டது. அதில் கோடு விழாது, சிக்கி நிற்கும். எது யாருக்குப் பிடித்தது என்று கண்டுபிடிக்க வழியில்லாமல் போனது, கடையில் எனக்கு ஒரு ருசி குறைந்துவிட்டது என்றே சொல்லலாம். ஆனால் 'டாய் ஸ்டோரி 2' பார்த்த ராத்திரி ஞாபகம் இருக்கிறது. அந்தக் கௌபாய் பொம்மைப் பெண் தன்னை வைத்திருந்த சிறுமியை நினைத்துக்கொள்கிற பாட்டு. 'வென் ஷி லவ்டு மீ'. ராண்டி நியூமன் எழுதியது, சாரா மெக்லாக்லன் பாடியது. சிறுமி வளர்கிறாள், பொம்மை கட்டிலுக்கு அடியில் விழுந்து கிடக்கிறது, ஒருநாள் மறுபடியும் எடுக்கிறாள் என்று சந்தோஷப்படும்போது, தானம் கொடுக்கிற அட்டைப்பெட்டியில் போட்டுவிட்டுப் போகிறாள். எத்தனை வருஷக் கதை! மூன்று நிமிஷத்துக்குள் முடிந்துவிடுகிறது, பேச்சே இல்லை. நீ எழுந்துபோய் உன் பழைய துணிப்பொம்மையைத் தேடி எடுத்து வந்து பக்கத்தில் படுக்க வைத்துக்கொண்டாய். அந்தப் பாட்டைக் கேட்டு ஒரு பிள்ளை செய்யக்கூடியதில் அதைவிடப் பெரிய பாராட்டு எனக்குத் தெரியவில்லை.

'டார்ஜான்' பாட்டும் தாலாட்டுதான். கொரில்லாத் தாய் மெதுவாக ஆரம்பிப்பாள், அங்கிருந்து பில் காலின்ஸ் குரல் எடுத்துக்கொண்டு போகும். தன் மகளுக்காக அவர் உருவாக்கிய மெட்டு அது. ஆஸ்கர் வாங்கியது. எனக்கு அதில் டிரம்ஸ் வருகிற இடத்தைவிட, அந்தத் தாயின் குரல் ஒட்டுகிற முதல் சில வரிகள்தான் பிடிக்கும். அதையும் உன் டைரக்டரிடம் சொல்லலாம்.

நீ காலேஜ் லீவில் கொண்டு வந்து காட்டினாயே ஜப்பான் படம், 'மை நெய்பர் டோட்டோரோ', அதில் ஆரம்பத்தில் வருகிற நடைப் பாட்டை நான் இப்போதும் காலை நடைக்குப் போகும்போது முணுமுணுக்கிறேன். ஜோ ஹிசாய்ஷி இசை. அந்தச் சின்னப் பெண் வெறும் வெள்ளைப் பின்னணியில் கை வீசி நடக்கிறாள், கூடப் பூச்சிகள். பின்னால் ஒரு மரம்கூட வரையவில்லை. அந்தப் படத்திலும் அம்மா ஆஸ்பத்திரியில், பிள்ளைகள் அப்பாவோடு. நீ அதை ஏன் அவ்வளவு பிரியமாகக் கொண்டு வந்தாய் என்று நான் அப்போதே நினைத்துக்கொண்டேன்.

'கோகோ' பார்த்துவிட்டு நாம் பேசியது ஞாபகம் இருக்கும். ஒரே பாட்டு, 'ரிமெம்பர் மீ'. முதலில் அந்தப் பெரிய பாடகர் மேடையில் கூட்டத்துக்காகப் பாடும்போது ஆர்ப்பாட்டமாக இருக்கிறது, மனசில் ஒட்டவில்லை. அதையே அப்பா மகளுக்குக் கிட்டாரை மெதுவாக மீட்டிப் பாடும்போதுதான் அது யாருக்காக எழுதியது என்று தெரிகிறது. லோபஸ் தம்பதி எழுதியது, 'ஃப்ரோசன்' பாட்டுகளை எழுதிய அதே ரெண்டு பேர். மெட்டு மாறவில்லை, வார்த்தை மாறவில்லை. வேகத்தைக் குறைத்ததும் பாட்டின் பொருளே மாறிவிட்டது. உங்கள் ஆட்கள் தாலாட்டை வேகமாக்கிப் பார்க்கலாமா என்று கேட்டால் இந்த ஒரு படத்தைக் காட்டு, போதும்.

நான் கேட்டுக்கொள்வது ஒன்றுதான் கண்ணு. அந்தக் காட்சியைக் காப்பாற்றுவதற்காக அதற்குள் பட்டாம்பூச்சி, மின்மினி, சுழல்கிற நட்சத்திரம் என்று நிரப்பிவிடாதே. நீ அனுப்பிய புதுப் பக்கங்களில் அப்படிச் சில சேர்ந்திருக்கின்றன. பயத்தில் சேர்த்தது என்று பார்த்தாலே தெரிகிறது. முதலில் அனுப்பியதில் தாயின் கையும் பிள்ளையின் நெற்றியும் மட்டும் இருந்தது. அதுதான் நல்லது. அதையே மீட்டிங்கில் காட்டு. அப்படியும் எடுத்துவிட்டால் எடுக்கட்டும், ஆனால் நல்லதைக் காட்டி எடுத்ததாக இருக்கட்டும்.

ஒரு விஷயம் சொல்ல மறந்தேன். அம்மா அந்தப் படத்தைப் பார்த்ததே இல்லை. கூடலூரில் இருந்த வருஷம் நீயும் நானும்தான் பார்த்தோம், அப்புறம் வி.சி.ஆர். போய்விட்டது. உன் போன் வந்தபிறகு செவ்வாய்க்கிழமை டி.வி.யில் அந்தப் பாட்டை மட்டும் எடுத்துப் போட்டுக் காட்டினேன். கேசட்டில் கோடு விழுந்த கதையையும் சொன்னேன். ஒன்றும் பேசவில்லை. எழுந்து போய் உனக்குப் போன் போட்டாள். வேலை நேரத்தில் கூப்பிட்டு, சாப்பிட்டாயா என்று மட்டும் கேட்டுவிட்டு வைத்துவிட்டார்கள் என்று நீ சொன்னாயே, அது அதற்குத்தான்.

கேசட் இன்னும் இருக்கிறது. பார்சலில் வைத்திருக்கிறேன், டீத்தூளோடு. ஓட்ட மிஷின் கிடைக்காது, கிடைத்தாலும் ஓட்டாதே, டேப் அறுந்துவிடும். மீட்டிங்குக்குக் கையில் எடுத்துப் போ. ஜன்னல் பக்கமாக வைத்துக் காட்டினால் விளிம்பு சுருங்கியிருக்கும் இடம் தெரியும், அதை நீ எவ்வளவு தடவை பார்த்தாய் என்று அவர்களுக்கே புரியும்.

மீட்டிங் வெள்ளிக்கிழமை என்றாய். முடிந்ததும் அம்மாவுக்குப் போன் போடு. மே மாசம் வருவதாக இருந்தால் டிக்கெட்டை இப்போதே எடுத்துவிடு, மலர்க் கண்காட்சிக் கூட்டத்தில் பஸ் கிடைக்காது.

அன்புடன்,
அப்பா